"லாஜிக் இல்லை" என்று எழுதுவதற்கு முன்: விஞ்ஞான, சூப்பர் ஹீரோ, பேய்ப் படங்களை விமர்சிக்க ஒரு வழிகாட்டி

விஞ்ஞானக் கதை, சூப்பர் ஹீரோ, பேய் என்று இந்த மூன்று வகைப் படங்களுக்கும் புதிதாக விமர்சனம் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்றே வாக்கியங்களில் கடையைக் கட்டிவிடுகிறார்கள். "லாஜிக் இல்லை." "கிராபிக்ஸ் சுமார்." "பயமே வரலை." மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் படிக்கிறவருக்கு அதிலிருந்து படத்தைப் பற்றி எதுவும் கிடைப்பதில்லை. எழுதியவருக்குப் படம் பிடிக்கவில்லை என்ற தகவல் மட்டும்தான் கிடைக்கிறது.

நடக்க முடியாததை நடந்ததாகக் காட்டுவதுதான் இந்தப் படங்களின் பிழைப்பே. ஆகவே "இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்டுப் பயனில்லை. டிக்கெட் வாங்கும்போதே "சரி, நடக்கும், மேலே சொல்" என்று ஒப்புக்கொண்டுதான் உட்கார்கிறோம். கேட்க வேண்டியது வேறு. அப்படி ஒப்புக்கொண்டவரிடம் படம் நாணயமாக நடந்துகொண்டதா? முதல் அரை மணி நேரத்தில் போட்ட விதியைக் கடைசி அரை மணி நேரத்தில் மதித்ததா? கீழே வருவதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

பழைய படங்கள் சிலவற்றின் முடிவை மறைக்காமல் பேசியிருக்கிறேன். பார்க்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

பார்ப்பதற்கு முன்

டிரெய்லர் பார்க்காமல் போக முடிந்தால் நல்லது. பேய்ப்படத்துக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். நல்ல அதிர்ச்சிகளில் பாதியை டிரெய்லரே தின்றுவிடுகிறது. மற்றவர்களின் விமர்சனங்களையும் நீங்கள் எழுதி முடிக்கும்வரை தொடாதீர்கள். தொடர்ச்சிப் படம் என்றால் முந்தைய பாகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், ஆனால் அதைப் பார்க்காதவருக்கு இது புரியுமா என்பதையும் ஓரமாக யோசித்துக்கொண்டே பாருங்கள். காமிக்ஸிலிருந்தோ நாவலிலிருந்தோ எடுத்த படமாக இருந்தால் மூலத்தைப் படித்திருப்பது உதவும். அதற்காகப் பக்கத்துக்குப் பக்கம் கணக்குப் பார்க்க வேண்டாம். "புத்தகத்தில் இப்படி இல்லையே" என்று ரசிகர்கள் புகார் சொல்லட்டும். மாற்றியதால் படத்துக்கு என்ன லாபம், என்ன நட்டம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

பார்க்கும்போது

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். கைப்பேசியை எடுத்தால் பக்கத்து இருக்கைக்காரர் சாபம் விடுவார். இருட்டில் எழுதுவது கோணல்மாணலாகத்தான் வரும், பரவாயில்லை. இரண்டு வகைக் குறிப்புகளை மட்டும் எழுதுங்கள்.

முதல் வகை, படம் போடும் விதிகள். "வெளிச்சம் பட்டால் சாகும்", "கடித்தால் தொற்றும்", "ஒரு நாளைக்கு ஒருமுறைதான் மறைய முடியும்" என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வார்த்தை. இந்த உலகத்தில் என்ன முடியும், என்ன முடியாது, முடிவதற்கு என்ன விலை என்பது தெரிந்தால் போதும். நல்ல படங்கள் இதைப் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே சொல்லிவிடும். சில படங்கள் வசனத்தில் சொல்லாமல் ஒரு காட்சியில் காட்டிவிட்டுப் போய்விடும், அதைப் பிடிக்கத்தான் நோட்டு.

இரண்டாவது வகை, உங்கள் உடம்பு செய்ததெல்லாம். எந்த இடத்தில் தோள் இறுகியது, எந்த இடத்தில் சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிப்பு வந்தது, எப்போது மணி பார்த்தீர்கள். காரணத்தை அங்கேயே யோசிக்க வேண்டாம், இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் தேடுவது வீட்டுக்கு வந்த பிறகு செய்கிற வேலை. விமர்சனத்தின் முக்கால்வாசி அதுதான்.

படம் முடிந்ததும் கூட வந்தவர்களிடம் பேசுவதற்கு முன் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து மனதில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். நண்பர் ஒருவர் "செம மொக்கை" என்று ஆரம்பித்துவிட்டால் அப்புறம் உங்கள் கருத்து எது, அவர் கருத்து எது என்று பிரிப்பது கஷ்டம்.

விதியைப் பிடித்துப் பார்ப்பது

இனி விஞ்ஞானக் கதைக்கு வருவோம். விண்வெளியில் காற்று இல்லை, ஆகவே வெடிச் சத்தம் கேட்காது. இது பள்ளிப் பாடம். 1968-ல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' அந்த மௌனத்தை மதித்தது. 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' மதிக்கவில்லை, விண்கலங்கள் உறுமிக்கொண்டே பறக்கின்றன. அதை வைத்து இரண்டாவது படத்துக்கு மதிப்பெண் குறைப்பது வீண் வேலை. அது முதல் காட்சியிலிருந்தே ஒரு தேவதைக் கதையின் விதியில் ஓடுகிறது, கடைசிவரை அதே விதியில்தான் ஓடுகிறது. மௌனத்தை விதியாக வைத்துக்கொண்ட ஒரு படம் கிளைமாக்ஸில் மட்டும் "டமார்" என்றால் அங்கே பேனாவை எடுங்கள்.

விதியை மதிப்பது பாதிதான். அதை வைத்து மனிதர்களுக்கு என்ன செய்தார்கள் என்பது மீதி. 2014-ல் வந்த 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் ஒரு விதி உண்டு. கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் போனால் பூமியில் ஏழு வருடம் போய்விடும். இறங்குவதற்கு முன்பே கதாபாத்திரங்கள் இதைப் பேசுகிறார்கள், நமக்கும் கணக்கு தெரியும். இறங்கிய இடத்தில் தாமதமாகிறது. திரும்பி வரும்போது கலத்தில் காத்திருந்தவருக்குத் தாடி நரைத்திருக்கிறது, 23 வருடம் போய்விட்டது. அப்பா உட்கார்ந்து, அத்தனை வருடமாகச் சேர்ந்திருக்கும் வீடியோ செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். மகன் வளர்கிறான், கல்யாணம் செய்கிறான், நம்பிக்கை இழந்து பேசுவதையே நிறுத்துகிறான். அப்புறம் மகள் வருகிறாள், இப்போது அவளுக்கும் அப்பாவுக்கும் ஒரே வயது. இயற்பியல் விதி ஒரு தகப்பனின் அழுகையாக மாறும் இடம் அது. விமர்சகர் சுட்டிக்காட்ட வேண்டியது இந்த மாற்றத்தை.

அதே படத்தின் கிளைமாக்ஸில் கருந்துளைக்குள் மகளின் புத்தக அலமாரி வருகிறது. "காதில் பூ சுற்றுகிறார்கள்" என்று பலர் எழுதினார்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். அந்த அலமாரியிலிருந்து புத்தகங்கள் தானாக விழுவதோடுதான் கதையே தொடங்குகிறது. விதை முன்பே போட்டதுதான். என் கணிப்பில் அங்கே இடறுவது அலமாரி இல்லை, அதை விளக்குகிறேன் என்று கதாநாயகன் பேசிக்கொண்டே போகும் வசனம். நீங்கள் இதற்கு நேர்மாறாகவும் வாதாடலாம். எந்தப் பக்கம் நின்றாலும் "முன்பே விதைத்தார்களா?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

பறக்கிறவரிடம் என்ன கேட்பது

சூப்பர் ஹீரோ படத்தில் வேறொரு சிக்கல். அடுத்த பாகம் எப்போது என்று அறிவித்தே விட்டார்கள், கதாநாயகன் சாகப்போவதில்லை என்று குழந்தைக்கும் தெரியும். அப்போது பதற்றம் எங்கிருந்து வரும்? அவர் எடுக்கும் முடிவிலிருந்து மட்டும்தான் வர முடியும். எதைக் காப்பாற்ற எதைக் கைவிடுகிறார் என்று தேடுங்கள். கட்டடம் எத்தனை இடிந்தது என்பதெல்லாம் அப்புறம்.

1978-ல் வந்த 'சூப்பர்மேன்' படத்தின் முடிவு பயிற்சிக்கு ஏற்றது. இரண்டு ஏவுகணைகள் இரண்டு திசையில் போகின்றன. தன்னை விடுவித்த பெண்ணின் அம்மா ஒரு திசையில் இருக்கிறார். முதலில் அந்த ஏவுகணையைத் தடுக்கிறேன் என்று சூப்பர்மேன் அவளுக்கு வாக்குக் கொடுக்கிறார், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார். அதனாலேயே இன்னொரு பக்கம் தாமதமாகி, காதலி லோயிஸ் காருக்குள் மண் மூடிச் சாகிறாள். அவர் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, அது சுழலும் திசையையே மாற்றி, காலத்தைப் பின்னால் தள்ளி அவளை உயிரோடு கொண்டுவருகிறார்.

புதிதாக எழுதுகிறவர் இங்கே "பூமி எதிர்த்திசையில் சுழன்றால் காலம் பின்னால் போகுமா? லாஜிக் எங்கே?" என்று எழுதுவார். போகாதுதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொஞ்சம் கூர்மையான கேள்வி: காலத்தையே திருப்ப முடியும் என்றால் இனிமேல் இந்த மனிதருக்கு எந்த இழப்பு இழப்பாக இருக்கும்? இது நியாயமான அடி, படம் இதற்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. ஆனால் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். மனித வரலாற்றில் தலையிடக் கூடாது என்பது அவரைப் பெற்ற தந்தை போட்ட தடை. வளர்த்த தந்தையோ, நீ ஒரு காரணத்துக்காகத்தான் இங்கே வந்திருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறார். அந்த வளர்ப்புத் தந்தை மாரடைப்பில் இறந்தபோது, இத்தனை சக்தி இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று கல்லறையில் நின்று மகன் புலம்பியதும் படத்தில் இருக்கிறது. ஆகவே வானத்தில் அவர் சில நொடிகள் தவித்து நிற்கும்போது இரண்டு தகப்பன்களுக்கு நடுவில்தான் நிற்கிறார். விதியை மீறிய இடம்தான், ஆனால் மீறியதற்கு ஒரு மனக்காரணத்தைப் படம் சேர்த்துவைத்திருக்கிறது. குறை, நிறை இரண்டையும் ஒரே காட்சியிலிருந்து எடுத்துக் காட்டினால் படிக்கிறவர் உங்களை நம்புவார்.

இன்னும் இரண்டு கேள்விகள். வில்லன் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? இருந்தால் கதாநாயகன் அதற்குப் பதில் சொல்கிறாரா, இல்லை அடித்தே வாயை மூடிவிடுகிறாரா? 2018-ல் வந்த 'பிளாக் பாந்தர்' இன்றும் பேசப்படுவதற்குப் பெரிய காரணம், வில்லன் தோற்ற பிறகும் அவன் வாதம் தோற்கவில்லை என்பதுதான். உலகத்திடமிருந்து ஒளிந்திருந்த தன் நாட்டின் கதவை அரசனே கடைசியில் திறக்கிறான். அடுத்த கேள்வி, இந்த நாயகன் யாரைக் காக்கிறான் என்பது. 1938-ல் காமிக்ஸில் சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றியபோது அவர் வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டை போடவில்லை. மனைவியை அடிக்கிறவனையும் அரசியல் தரகனையும் பிடித்து உலுக்கினார். இன்றைய படத்தில் காப்பாற்றப்படுகிறவர்களுக்கு முகமும் பெயரும் இருக்கிறதா, இல்லை அலறி ஓடும் கூட்டம்தானா என்று கவனியுங்கள்.

பயத்தைப் பிரித்துப் பார்ப்பது

மூன்றில் விமர்சிக்கக் கடினமானது திகில் படம்தான். பயம் ஆளுக்கு ஆள் மாறும். "எனக்குப் பயம் வரலை" என்பதை யாரும் மறுக்க முடியாது, ஆகவே அதற்கு மதிப்பும் இல்லை. பயம் எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதை எழுதினால் பயப்படாதவரும் பயந்தவரும் சேர்ந்து படிக்கலாம்.

1942-ல் ழாக் தூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு காட்சி. இரவு, பூங்காவை ஒட்டிய நடைபாதை, ஒரு பெண் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொரு பெண் தொடர்கிறாள். கோபம் வந்தால் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று நம்புகிறவள் அவள். இசை இல்லை. இருவரின் ஹீல்ஸ் சத்தம் மட்டும் டக் டக்கென்று கேட்கிறது. விளக்குக் கம்பத்தின் வெளிச்சம், அப்புறம் இருட்டு, மறுபடி வெளிச்சம். காட்சி ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு மாறி மாறிப் போகிறது. திடீரென்று பின்னால் வருகிறவளின் சத்தம் நின்றுவிடுகிறது. அவளைக் காட்டுவதும் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள். ஒரு விலங்கு சீறுவது போலச் சத்தம், திரைக்குள் பாய்ந்து வந்து நிற்கிறது ஒரு பேருந்து. சீறியது அதன் பிரேக்.

திடீரென்று துள்ளவைக்கும் உத்தியை இன்று ஜம்ப் ஸ்கேர் என்கிறோம், அதற்கு முன்னோடி இந்தப் பேருந்துதான். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரை வைத்து 'லூட்டன் பஸ்' என்றே இந்த உத்தியைச் சொல்வார்கள். நம்மைத் தூக்கிப்போட்டது பேருந்தாக இருந்தாலும் பயமுறுத்தியது அதற்கு முன் நின்றுபோன காலடிச் சத்தம். அந்த மௌனத்தைக் கட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழித்திருக்கிறார்கள். பிற்காலப் படங்கள் பலவும் பேருந்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு காலடியை விட்டுவிட்டன. பூனை குதிக்கும், கதவு அறையும், நாம் துள்ளுவோம், அடுத்த நொடி மறந்துவிடுவோம். அது வெறும் பூச்சாண்டி.

ஆகவே உங்களைத் துள்ளவைத்த காட்சியை வீட்டில் மறுபடி பார்க்க வழியிருந்தால் மூன்று முறை பாருங்கள். முதல்முறை ஒலியை நிறுத்திவிட்டு. இரண்டாம்முறை கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டு. மூன்றாம்முறை ஷாட் மாறும் ஒவ்வொரு இடத்தையும் எண்ணிக்கொண்டு. படத்தின் பயம் எந்த அறையில் வேலை செய்கிறது, ஒளிப்பதிவிலா, ஒலியிலா, எடிட்டிங்கிலா என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அடுத்தது, பயத்தின் பொருள். ராபின் வுட் என்ற விமர்சகர் 1970-களின் கடைசியில் ஒரு எளிய சூத்திரம் சொன்னார். இயல்பு என்று நாம் நினைக்கும் வாழ்க்கையை ஒரு அரக்கன் அச்சுறுத்துகிறான், அதுதான் திகில் கதை. இதில் மூன்று பாகம் இருக்கிறது. எதை இயல்பு என்று படம் காட்டுகிறது? அரக்கன் யார்? இரண்டுக்கும் என்ன உறவு? மூன்றாவதுதான் சுவாரசியம். 1968-ல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் இரவு முழுக்க, எழுந்து நடமாடும் பிணங்களோடு போராடித் தப்பிக்கும் ஒரே ஆள் பென் என்ற கறுப்பின மனிதர். விடிந்ததும் பிணங்களை வேட்டையாட வந்த துப்பாக்கிக் கும்பல் அவரையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. எரிக்கும் குவியலுக்கு அவரைக் கொக்கியோடு இழுத்துப் போவதைப் பத்திரிகைப் புகைப்படங்கள் போன்ற அசையாத படங்களாகக் காட்டி முடிக்கிறார்கள். சூத்திரத்தை இங்கே போட்டுப் பாருங்கள், இயல்பு எது, அரக்கன் யார் என்பதே இடம் மாறிவிடும். நடிகர் டுவேன் ஜோன்ஸைத் தேர்ந்தெடுத்தது நிறத்துக்காக இல்லை, நன்றாக நடித்ததற்காகத்தான் என்று இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ சொல்லிவந்தார். அதனால் காட்சியின் பொருள் குறைந்துவிடாது. இயக்குநர் நினைத்ததும் திரையில் இருப்பதும் வேறு வேறு சாட்சிகள், விமர்சகருக்கு இரண்டாவது சாட்சிதான் பெரியது.

கிராபிக்ஸ் பற்றி நாலு வார்த்தை

"சுமார்" என்று எழுதாதீர்கள். எது உறுத்தியது? உருவத்துக்குக் கனம் இல்லையா, அது மிதித்தால் தரை அசையவில்லையா? அதன் மேல் விழும் வெளிச்சம் பக்கத்தில் நிற்கும் நடிகர் மேல் விழும் வெளிச்சத்தோடு ஒட்டவில்லையா? நடிகர் பார்க்கும் திசை தப்பாக இருக்கிறதா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நேர்த்தியாக இருந்தால் மட்டும் போதாது, கதையில் அதற்கு என்ன வேலை என்றும் பாருங்கள். 1975-ல் வந்த 'ஜாஸ்' படத்தை எடுக்கும்போது இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதானது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலே பல காட்சிகளை எடுத்தார் இயக்குநர் ஸ்பீல்பெர்க். சுறாவோடு கயிற்றில் பிணைத்த மஞ்சள் பீப்பாய் தண்ணீரில் விரைவதே சுறாவாகிவிட்டது. காட்டாததால் பயம் கூடியது. அதற்காக "காட்டாமல் விடுவதே கலை" என்று முடிவுகட்டிவிட வேண்டாம், 1982-ல் வந்த ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்' எல்லாவற்றையும் பட்டவர்த்தனமாகக் காட்டியே பயமுறுத்துகிறது. வந்தபோது விமர்சகர்கள் பலர் அருவருப்பு என்று ஒதுக்கிய படம் அது. அதே நாளில், 1982 ஜூன் 25-ல் வெளியான 'பிளேடு ரன்னர்' படத்துக்கும் அப்போது வரவேற்பு பெரிதாக இல்லை. இன்று இரண்டையும் பாடமாகப் பார்க்கிறார்கள். ஒரு படம் உங்களை முகம் சுளிக்கவைத்தால், சுளிக்கவைப்பதுதான் அதன் நோக்கமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளர்த்தம் தேடும்போது

இந்த வகைப் படங்களில் அரக்கன் பெரும்பாலும் வேறு எதையோ குறிப்பான். 1954 நவம்பரில் ஜப்பானில் வந்த முதல் 'காட்ஸில்லா' அணுகுண்டைப் பற்றிய படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குப் படத்துக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது. கடலில் ஒரு ஒளிவெள்ளம் வந்து ஒரு படகை அழிப்பதோடுதான் படம் தொடங்குகிறது. அதே வருடம் மார்ச்சில் பிக்கினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்திருந்தது. முதல் பார்வையாளர்களுக்கு அந்தக் காட்சி கற்பனையாகத் தெரிந்திருக்காது.

எல்லாப் படமும் இவ்வளவு தெளிவாகப் பேசாது. 1956-ல் வந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்' படத்தில் மனிதர்கள் ஒவ்வொருவராக உணர்ச்சியில்லாத நகல்களாக மாறுகிறார்கள். இது கம்யூனிசப் பயம் என்றார்கள் சிலர். இல்லை, அன்றைய அமெரிக்காவில் கம்யூனிச வேட்டை என்ற பெயரில் எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்ததைப் பற்றிய படம் என்றார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் படம் இடம் கொடுக்கிறது. நீங்கள் எதைச் சொன்னாலும் குறைந்தது இரண்டு காட்சிகளைக் காட்டிச் சொல்லுங்கள். காட்சி கிடைக்கவில்லை என்றால் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்கள் என்று பொருள், அந்தப் பத்தியைத் தூக்கிவிடுங்கள்.

எழுத உட்கார்ந்ததும்

நோட்டை எடுங்கள். விதிகள், உடம்பு சொன்ன இடங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தோள் இறுகிய இடமோ மணி பார்த்த இடமோ ஏதாவது ஒரு விதியோடு இணைகிறதா? அந்த இணைப்புதான் உங்கள் விமர்சனத்தின் மையம். அதிலிருந்தே தொடங்கலாம், இயக்குநரின் முந்தைய படங்களின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம்.

கதைச் சுருக்கம் நாலைந்து வரிக்கு மேல் போகக் கூடாது. பொத்தாம்பொதுவான வாக்கியம் வரும்போதெல்லாம் நிறுத்தி, இடத்தைக் குறிப்பிடுங்கள். ஏதோ ஒரு பேய்ப்படத்துக்கு "பின்னணி இசை காதைக் கிழிக்கிறது, பயமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதையே இப்படி எழுதலாம்: "பேய் வருவதற்கு மூன்று நொடி முன்பு ஒவ்வொரு முறையும் இசை அடங்கிவிடுகிறது. இரண்டாவது முறையிலேயே இது நமக்குப் பழகிவிடுவதால் பேய்க்கு முன்பே நாம் தயாராகிவிடுகிறோம். இடைவேளைக்கு முன் ஒரே ஒருமுறை இசை அடங்காமல் பேய் வருகிறது. படத்தில் நிஜமாகப் பயந்த இடம் அதுதான்." தீர்ப்பு பெரிதாக மாறவில்லை, ஆனால் இப்போது படிக்கிறவர் படத்தைக் கேட்டுவிட்டார்.

ஸ்பாய்லர், அதாவது கதையின் ரகசியத்தை முன்பே உடைத்துவிடுவது, அந்த விஷயத்தில் என் வழக்கம் இது. புதுப் படம் என்றால் முதல் பாதியில் நடப்பதை மட்டும் எடுத்துக்காட்டுவேன். கிளைமாக்ஸைப் பேசாமல் குறையைச் சொல்லவே முடியாது என்றால் தனிப் பத்தியாக்கி, மேலே எச்சரித்துவிடுவேன். திகில் படத்தில் "ஒரு திருப்பம் இருக்கிறது" என்று சொல்வதே ஸ்பாய்லர்தான். நட்சத்திர மதிப்பெண் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்; போட்டால் எழுதி முடித்த பிறகு போடுங்கள்.

கடைசியாக ஒரு வாசிப்பு. அருமை, செம, மொக்கை, வேற லெவல் மாதிரியான சொற்களை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வாதம் இன்னும் நிற்கிறதென்றால் ஒன்றிரண்டைத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். வருடம், கதாபாத்திரப் பெயர், எடிட்டர், ஒளிப்பதிவாளர் பெயர்களைப் படத்தின் டைட்டிலிலிருந்தே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேய்ப்படமாக இருந்தால் ஒலி வடிவமைப்பாளரின் பெயரையும் தேடிப் போடுங்கள், பாதி வேலை அவருடையது.